ஓ.பி. சீட்டில் வயது 11, போனில் வயது 27

கொஞ்சம் நீளமான இழை இது. வீட்டில் எட்டு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் பிள்ளைங்க இருந்தா, டீயை எடுத்து வெச்சுக்கிட்டுப் பொறுமையா படிங்க. பாதி மருத்துவம், பாதி வரலாறு.

தேவாரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கிட்டு வந்தார். (யாருன்னு தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆறாம் வகுப்பு. வயித்து வலி. இது மூணாவது தடவை. திங்கட்கிழமை காலையில் வலி வரும், சனி ஞாயிறு வராது. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாமே நார்மல். பூச்சி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தாச்சு.

திங்கட்கிழமை மட்டும் வர்ற வலின்னா வயித்தை அமுக்கிப் பார்த்து மட்டும் பிரயோஜனம் இல்லை, பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கேட்கணும். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் பதில் வந்தது. அம்மா போனில் இவளுக்கு ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்கிறது. ரெண்டு வருஷமா ஆடிப் போட்டிருக்கிறாள். முக்கால்வாசி வீடியோவில் ஃபில்டர் போட்ட வெள்ளை முகம். ஒரே ஒரு நாள் ஃபில்டர் இல்லாமல் போட்டிருக்கிறாள். அதை யாரோ வெட்டி எடுத்து, நிறத்தைக் கிண்டல் பண்ணி ஸ்டிக்கராக்கி, வகுப்புப் பிள்ளைகளுடைய வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். அதுதான் திங்கட்கிழமை வயித்து வலி.

எனக்கு ஒரு சந்தேகம். "கணக்கு ஆரம்பிக்கும்போது பிறந்த வருஷம் கேட்டிருக்குமே பாப்பா, என்ன போட்ட?"

"சுத்தி விட்டேன் சார். 1998ல நின்னுச்சு."

ஆக, என் கையில் இருந்த ஓ.பி. சீட்டில் அவளுக்கு வயது 11. அந்தக் கம்பெனியின் கணக்குப்படி 27. அதனால் அவளுக்கு வந்த விளம்பரம் எல்லாம் வரன் பார்க்கும் ஆப்பும் உடனடிக் கடனும்.

இதைப் படிச்சுட்டு "புள்ளைக்கு எவ்வளவு தைரியம் பாருங்க" என்று அவளைத் திட்ட வேண்டாம். இணையத்தில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி எழுதுற முதல் வரியே பொய்யா இருக்கணும் என்கிற ஏற்பாட்டை அவள் பண்ணவில்லை. உண்மையான வருஷத்தைப் போட்டால் கதவு திறக்காது. 13 வயசு ஆகணும். இந்த 13ஐ யார் வெச்சது?

நிறையப் பேர் ஏதோ குழந்தை மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் உட்கார்ந்து மூளை வளர்ச்சியைப் பார்த்து முடிவு பண்ணினதாக நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கிடையாது.

அது அமெரிக்காவில் 1998இல் வந்த ஒரு சட்டம். குழந்தைகள் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், சுருக்கமா கோப்பா. (அந்தப் பிள்ளை சுத்தி விட்டதும் 1998தான். தற்செயல், ஆனாலும் கேட்டதும் எனக்கு இந்தச் சட்டம்தான் ஞாபகம் வந்தது.) அப்போது ஃபேஸ்புக் கிடையாது, யூடியூப் கிடையாது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்த வருஷம் 212 குழந்தைகள் இணையதளங்களைப் பார்த்தது. அதில் 89% தளங்கள் பிள்ளைகளிடமிருந்து சொந்த விவரங்களை வாங்கிக்கொண்டு இருந்தன. பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டவை ரொம்பக் கொஞ்சம். பொம்மைக் கம்பெனிக்கும் மிட்டாய்க் கம்பெனிக்கும் விளம்பரம் பண்ண அந்தத் தகவல் வேணும். அதைத் தடுக்கத்தான் சட்டம். பிள்ளையின் மனசு அதில் பேச்சாகவே இல்லை, பேச்செல்லாம் விவரம் திரட்டுறது பற்றித்தான்.

மசோதா முதலில் வந்தபோது 16 வயசு வரைக்கும் பாதுகாப்பு இருந்தது. வியாபாரக் கம்பெனிகள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பக்கம் சிவில் உரிமை அமைப்புகளும், பதினஞ்சு வயசுப் பிள்ளை உடல் சம்பந்தமான சந்தேகத்தைத் தேடுறதுக்குக்கூட அப்பா அம்மாவிடம் அனுமதி வாங்கணுமா என்று கேட்டன. நியாயமான கேள்விதான். பேரம் படிஞ்ச இடம் 13. 1998 அக்டோபரில் கையெழுத்தாகி, 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டம் 13க்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விடாதே என்று சொல்லவில்லை. விட்டால் பெற்றோரிடம் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வாங்கு என்றுதான் சொன்னது. அதுக்கு ஆள் வேணும், செலவு ஆகும். கம்பெனிகள் சுலபமான வழியைப் பிடித்தன. "எங்களிடம் 13க்குக் கீழே யாருமே இல்லை" என்று விதிமுறையில் எழுதி, பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் வைத்தன. பொதுவான தளம் என்றால், வயசு தெரிஞ்சே விட்டாதான் குற்றம். தெரியாமல் இருந்தால் பிரச்சினை இல்லை. அப்புறம் யார் கிளறிக் கேட்பார்கள்?

2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் கல்லூரி வாசலைத் தாண்டி எல்லோருக்கும் திறந்தபோது அதே 13. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோதும் அதே 13. அமெரிக்காவில் விளம்பரக்காரனைத் தடுக்கப் பேரம் பேசி வைத்த ஒரு எண், கடல் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு அம்மாவின் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

2011இல் டானா பாய்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஆயிரம் பெற்றோரிடம் கேட்டார்கள். 12 வயசுப் பிள்ளை வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேல், தங்கள் பிள்ளைக்கு ஃபேஸ்புக் கணக்கு இருக்கிறது என்றார்கள். அதில் பெரும்பாலோருக்கு விஷயம் தெரியும், கணக்குத் தொடங்க உதவியதே அவர்கள்தான். ஊரோடு வாழணும் என்று பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது அப்பா அம்மா. இதில் நம் ஊர், அவங்க ஊர் என்ற வித்தியாசமே இல்லை.

இப்ப அதே 1998இல் நம் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது?

தேனி தனி மாவட்டமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயசு. எங்களுக்கு நம்மைக் காட்டிக்க என்ன இருந்தது? பள்ளிக்கூட ஆண்டு விழா. வீட்டு விசேஷத்தில் ஸ்பீக்கர் செட்டுக்காரர் மைக்கைக் கொடுத்தால் ஒரு பாட்டு. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போன கூலிங் கிளாஸ். கொஞ்சம் பின்னாடி கோடை பண்பலைக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டு, நம்ம பேரை வாசிப்பாங்களா என்று ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. வாசிச்சுட்டால் தெருவே நாலு நாளைக்குப் பேசும்.

கைதட்டினவர்கள் எல்லோருக்கும் நம்மைத் தெரியும். பாட்டைச் சொதப்பினால் சிரிப்பார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். சொதப்பினதை யாரும் ஸ்டிக்கராக்கி வைத்திருக்க முடியாது.

அந்தக் காலம் பொற்காலம் என்று கதை விட மாட்டேன். மேடை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. எந்தத் தெருப் பிள்ளைக்கு முதல் வரிசை, எந்தத் தெருப் பிள்ளைக்குக் கடைசி என்பது ஊருக்கே தெரியும். பொம்பளைப் பிள்ளைக்கு இன்னொரு கணக்கு. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஆடு, பாடு. வயசுக்கு வந்தாச்சுன்னா மேடை முடிஞ்சது. எத்தனையோ பிள்ளைகளுக்கு 11, 12 வயசோடு ஆட்டம் நின்னுபோனதை நம்ம ஊர்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன் வந்தபோது, அந்த வயசுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் வாசலில் நிற்காத ஒரு மேடை முதல்முறையா கிடைத்தது. இதை மறந்துட்டு "போனைப் பிடுங்கு" என்று சொல்வது பாதிப் பேச்சு.

அந்த மேடை இங்கே வந்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 2009இல் ஃபேஸ்புக் லைக் பட்டன் வைத்தது. அதிலிருந்து கைதட்டலுக்கு எண்ணிக்கை வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிவானது. கிட்டத்தட்ட அதே சமயம் மியூசிக்கலி. சினிமா வசனத்துக்கு வாயசைக்கும் ஆப். நம்ம பிள்ளைகளுக்கு வசனம் பேசக் கற்றுக்கொடுக்கணுமா என்ன? 2018 ஆகஸ்டில் அது டிக்டாக் ஆனது. அதுக்குள்ளேயே நிறையச் சின்னப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். 2019 பிப்ரவரியில், 13க்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டியதாக அமெரிக்க ஆணையம் போட்ட வழக்கில், அந்தக் கம்பெனி 57 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டது.

அதே பிப்ரவரியில் நம் சட்டமன்றத்தில் டிக்டாக்கைத் தடை செய்யணும் என்று பேச்சு வந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை (தேனி மாவட்ட வழக்குகள் போகும் அதே கோர்ட்தான்) நீதிபதிகள் கிருபாகரன், எஸ்.எஸ். சுந்தர் அமர்வு, ஒரு பொதுநல மனுவில் டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. டிவிக்காரர்கள் அந்த வீடியோக்களை ஒளிபரப்பக்கூடாது என்றும் சொன்னது. உத்தரவில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அமெரிக்காவின் கோப்பா மாதிரி இங்கேயும் ஒரு சட்டம் கொண்டுவருவீர்களா என்று மத்திய அரசைக் கேட்டிருந்தார்கள்.

கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. தினம் 5 லட்சம் டாலர் வரைக்கும் நஷ்டம் என்றது. ஏப்ரல் நடுவில் ஆப்பிளும் கூகுளும் ஆப்பை எடுத்தார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி மதுரைக் கிளையே நிபந்தனையோடு தடையை நீக்கியது. மூணு வாரத்துக் கதை. விவாதம் பெரும்பாலும் ஆபாச வீடியோவை எப்படி வடிகட்டுவது என்பதில் போய் முடிஞ்சது. ஆபாசமே இல்லாத வீடியோவில், வெறும் டான்ஸ் ஆடுற 11 வயசுப் பிள்ளை தன்னை எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள் என்ற கேள்வி ஓரமா நின்னுபோச்சு. எனக்கு அன்றைக்கும் இதில் வருத்தம்தான்.

அப்புறம் 2020. இதைக் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்லணும்.

மார்ச் மாதம் பள்ளிக்கூடம் மூடினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாசம். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆனால் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப்புக்கும் 13 வயசு ஆகணும் என்று விதி. மூணாம் வகுப்புப் பிள்ளையைக் குரூப்பில் சேர்த்தது யார்? நாமதான். வேற வழி இருக்கவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. நகையை அடகு வைத்துப் போன் வாங்கினவர்களை எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டு இருட்டினப்புறம்தான் வருவார்கள். போன் பிள்ளையிடம் இருக்கும். பாடம் ஒரு மணி நேரம். மிச்சம் பத்து மணி நேரம்?

அதே 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு 59 சீன ஆப்புகளைத் தடை செய்தது. டிக்டாக் போனது. பத்தே நாளில், ஜூலை 8ஆம் தேதி இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ், உலகத்திலேயே முதலில் இந்தியாவில். பள்ளிக்கூடம் மூடியிருக்கு, கையில் போன் இருக்கு, புது மேடை ரெண்டு திறந்திருக்கு. என் ஓ.பி.க்கு வந்த பிள்ளைக்கு அப்போ அஞ்சு வயசு. முதல் "அ" அவள் போனில்தான் எழுதினாள். ஒன்பது வயசில் கணக்குத் தொடங்கினாள்.

இனி மருத்துவப் பக்கம்.

டோபமைன் என்று ஒரே வார்த்தையில் எல்லாத்தையும் முடிச்சுடலாம். எனக்கு அதில் இஷ்டம் இல்லை. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950இல் ஒரு புத்தகத்தில் சொன்னது இன்னும் பயன்படுகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பிள்ளை தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி "எனக்கு என்ன செய்ய வரும்?" என்பது. சைக்கிள் ஓட்டத் தெரியும், படம் வரையத் தெரியும், கபடி வரும். "நான் யார்?" என்ற பெரிய கேள்வி அதுக்கப்புறம்தான். போன் இந்த ரெண்டாவது கேள்வியை ஒன்பது வயசிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. பேர், படம், தன்னைப் பற்றி ஒரு வரி எழுது என்கிறது. அதுக்கு அவளிடம் இன்னும் பதில் தயாராக இல்லை. அதனால் அடுத்தவர் பதிலை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அந்த வெள்ளை ஃபில்டர் அப்படி வந்ததுதான்.

1967இல் டேவிட் எல்கைண்ட் என்பவர் இன்னொன்றைக் கவனித்தார். பன்னிரண்டு வயசை நெருங்கும் பிள்ளைக்கு எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றும். முகத்தில் ஒரு பரு வந்தால் ஊரே பார்க்குது என்று அழும். கற்பனைக் கூட்டம் என்று அதுக்குப் பேர் வைத்தார். வளர வளரத் தானா சரியாகிவிடும், ஏன்னா உண்மையில் யாரும் பார்க்கவில்லை என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். இப்போ அந்தக் கூட்டம் கற்பனை இல்லை. 412 பேர் பார்த்தார்கள் என்று வீடியோவுக்குக் கீழேயே எழுதியிருக்கு. "யாரும் உன்னைப் பார்க்கலடா" என்று நாம் சொன்னால், பிள்ளை திரையைக் காட்டும்.

2022இல் பிரிட்டனில் 84,000 பேருடைய தரவை வைத்து ஒரு ஆய்வு வந்தது. சமூக ஊடகப் பயன்பாடு கூடினால் அடுத்த வருஷம் வாழ்க்கைத் திருப்தி குறைவது, பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயசிலும், பையன்களுக்கு 14, 15 வயசிலும் தெளிவா தெரிந்தது. பாதிப்பின் அளவு சராசரியில் சின்னதுதான், எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. அதையும் சொல்லணும், இல்லைன்னா நானும் பயமுறுத்தி லைக் வாங்குறவன் ஆயிடுவேன். ஆனால் பெண் பிள்ளைகளுக்கு அந்த ஜன்னல் 11இல் திறக்கிறது. நம்ம கதவு 13இல் இருக்கு. அதுவும் பூட்டில்லாத கதவு.

இன்னொரு கூத்து. இன்ஸ்டாகிராம் 2024இல் பதின்பருவக் கணக்கு என்று ஒன்று கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. 18க்குக் கீழே என்றால் கணக்கு தானாகவே பூட்டியிருக்கும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, ராத்திரி அறிவிப்பு வராது. நல்ல விஷயம். ஆனா நம்ம பிள்ளைக்கு அதில் ஒன்றுகூட வரவில்லை. அவளுக்குத்தான் 27 வயசாச்சே.

சட்டம் நகராமல் இல்லை. 2023இல் நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் 18 வயசு வரை குழந்தைதான், பெற்றோர் சம்மதம் வேணும், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் கூடாது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான பகுதிகளுக்குப் பதினெட்டு மாசம் அவகாசம். 2025 டிசம்பர் 10ஆம் தேதி ஆஸ்திரேலியா 16க்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைக்கத் தடை போட்டது. அதே மாதம் நம் மதுரைக் கிளை, வேறொரு வழக்கில், அப்படி ஒரு சட்டத்தை இங்கேயும் பரிசீலிக்கலாமே என்று மத்திய அரசிடம் சொன்னது. 1998இல் பேரத்தில் விட்டுப்போன 16, சுற்றி வளைத்துத் திரும்பி வந்திருக்கு.

எனக்கு 16 பிடிக்குதா? கொள்கை அளவில் ஆமாம். ஆனா என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை அம்மா போனில், அம்மா சிம்மில், 1998 என்ற வருஷத்தில் இருக்கிறாள். எந்தக் கதவில் எந்த எண்ணை எழுதினாலும் அவள் ஏற்கனவே உள்ளே இருக்கிறாள்.

சரி, அவளிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். அம்மாவை உள்ளே கூப்பிட்டு, அவள் சம்மதத்தோட விஷயத்தைச் சொன்னேன். அம்மா கையை ஓங்கினார், சிஸ்டர் பிடித்துக்கொண்டார். "ஆடினது தப்பில்லம்மா, அதை வெட்டி ஒட்டினது தப்பு" என்று சொல்லிப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. வகுப்பு ஆசிரியையிடம் பேசச் சொன்னேன், பேசினார், ஸ்டிக்கர் நின்றது. வலி உடனே நிற்கவில்லை. இன்னும் ரெண்டு திங்கட்கிழமை வந்துட்டுத்தான் போச்சு.

அன்றைக்கு அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "இப்ப உண்மையான வருஷத்தைப் போட்டா என்ன ஆகும் சார்?"

கணக்கை மூடிவிடுவார்கள் என்றேன்.

"அப்ப அப்பத்தா வீடியோவும் போயிருமா?"

அப்பத்தா போன வருஷம் இறந்துட்டாங்களாம். இவள் திண்ணையில் ஆடும்போது பின்னாடி உட்கார்ந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருப்பாங்க. வேற எந்தப் போட்டோவும் வீட்டில் சரியா இல்லை.

கணக்கை மூடுறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ள அமைப்புகளுக்குள் வழி இருக்கு. அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இறக்கி, பென்டிரைவில் வாங்கிட்டு வந்து காட்டினார்கள். 214 வீடியோ. அதில் 17இல் அப்பத்தா இருக்காங்க. அந்தப் பதினேழுக்கு மட்டும் தனி ஃபோல்டர் போட்டுத் தரச் சொல்லி, கடைக்காரர்கிட்ட பேரும் அவளே சொன்னாளாம். அன்றைக்கே அம்மாவும் மகளும் உட்கார்ந்து வருஷத்தை 2014 என்று மாற்றினார்கள்.